கல்யாணம் ஆகும் வரை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9 ஜூன் 2025

ஜீவிதா அப்பாவுக்கு,

தையல்நாயகி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், நீங்கள் வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி எனக்கு வந்துவிடும். போனில் பேசியிருப்பேன், என் நம்பரைத்தான் பிளாக் செய்து வைத்திருக்கிறீர்களே. போன வாரம் கடை போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கட் செய்துவிட்டீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கோர்ட்டில் தீர்த்துவிட்ட பெண்டாட்டியோடு என்ன பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். எனக்கும் உங்களிடம் பேச ஆசை ஒன்றும் இல்லை. பெற்றது ஒன்று இருக்கிறதே, அதற்காகத்தான் இந்தக் காகிதம்.

ஜீவிதா பிசியோதெரபி மூன்றாம் வருடம் போகிறாள். இந்த மாதத்துக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் வகுப்பில் உட்கார முடியாது. முதல் வருடம் நீங்கள் கட்டினீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த மாசி மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. மற்ற அப்பன்மார் பிறந்தநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பார்கள், நீங்கள் பணத்தை நிறுத்தினீர்கள். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேங்க்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதை நான்தான் பார்த்தேன்.

இரண்டாம் வருடம் என் அண்ணன் பஞ்சாட்சரம் கட்டினார். அவரும் எத்தனை நாள் கட்டுவார்? நான் பட்டுக்கடையில் நாள் முழுக்கப் புடவையை விரித்து மடித்து வாங்குகிற சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கிறது. நீங்கள் ரோட்டோரத்து நிலத்தை விற்று இரண்டு டிராக்டர் வாங்கியது எனக்குத் தெரியும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

தையல்நாயகி


மாகறல்
16 ஜூன் 2025

தையல்நாயகிக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்பீட் போஸ்டுக்குச் செலவு செய்யும் அளவுக்கு உன்னிடம் காசு இருப்பது தெரிந்து சந்தோஷம். என் பதிலைத் தம்பி தர்மன் ஷேர் ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறேன். அவன் தினமும் அந்தப் பக்கம்தான் வருகிறான்.

கோர்ட்டில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சமாதானப் பத்திரம் உன்னிடம் இருக்கும். எடுத்துப் படி. "மகள் மேஜர் ஆகும் வரை" என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு நீதான் சரி, சரி என்று தலையாட்டினாய். ஒரு மாதமாவது நான் தவறினேனா? மழை இல்லாத வருடத்தில் கூட வட்டிக்கு வாங்கிப் போட்டேன். பேச்சு என்றால் எனக்குப் பேச்சு. மேஜர் ஆகிவிட்டாள், முடிந்தது.

அவளும் அப்படித்தானே நடந்துகொள்கிறாள்? பி.ஏ. தமிழ் சேர், பி.எட். முடி, டீச்சர் வேலைக்குப் போகலாம் என்றேன். "எனக்குத் தெரியும்பா, நீங்க தலையிடாதீங்க" என்றாள். தலையிடாதே என்று சொன்னவளுக்கு என் பை மட்டும் எதற்கு? ஊரான் காலைப் பிடித்துவிடுகிற படிப்புக்கு நான் ஏன் அழ வேண்டும்? பஞ்சாயத்தில் நாலு பேர் என்னை மதித்துக் கூப்பிடுகிறார்கள். என் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் வாயில் வருவதில்லை.

அண்ணன் கட்டினாரா? பேஷ். அவரே கட்டட்டும். அவர் எதற்குக் கட்டுகிறார் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ஆனந்தராஜ்


பிள்ளையார்பாளையம்
27 ஜூன் 2025

ஜீவிதா அப்பாவுக்கு,

ஊரான் காலைப் பிடித்துவிடுகிற படிப்பா? உங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது கையைத் தூக்க வைக்க ஒரு ஆளைத் தினமும் ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தீர்களே, அவருக்குப் பெயர் என்ன? அன்றைக்கு அவருக்கு ஐயா, சார் என்று காபி ஆற்றிக் கொடுத்தவள் நான்.

சரி, சட்டம் பேசினீர்கள் அல்லவா. நானும் சட்டம் கேட்டுக்கொண்டு வந்தேன். கோர்ட்டு வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, பெண்களுக்குக் காசு இல்லை. அங்கே நஸ்னீன் என்று ஒரு வக்கீல், ஜீவிதாவை விட ஏழெட்டு வயது பெரியவளாக இருப்பாள். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மகனாக இருந்தால் பதினெட்டோடு சரி. மகள் என்றால் அப்படி இல்லை. சம்பாதிக்க வழியில்லாத, கல்யாணம் ஆகாத மகளைக் கல்யாணம் ஆகும் வரை தகப்பன் காப்பாற்றியே ஆக வேண்டும். சோறு, துணி, இருக்க இடம், வைத்தியம், படிப்பு எல்லாம் அதில் அடக்கம். நீங்களும் நானும் போட்ட சமாதானப் பத்திரம் நமக்குத்தான். அது அவள் உரிமையைப் பறிக்காது.

கல்யாணம் ஆகும் வரை. நன்றாகப் படிக்கட்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

"கேஸ் போடணும்னா உங்க பொண்ணுதான் போடணும்மா, அவங்க மேஜர். அவங்களை வரச் சொல்லுங்க" என்றாள் நஸ்னீன். நான்தான் வேண்டாம் என்றேன். குழந்தையை எதற்குக் கோர்ட்டு வாசலில் நிறுத்துவது? நானே எழுதிப் பார்க்கிறேன் என்று வந்துவிட்டேன். மரியாதையாகக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் டிராக்டரில் ஏறி நீங்கள் பஞ்சாயத்துக்குப் போகும் வழியில் கோர்ட்டு ஆள் நிற்பான்.

தையல்நாயகி


மாகறல்
6 ஜூலை 2025

தையல்நாயகிக்கு,

கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். என் வக்கீலிடமும் காட்டினேன். நீ சொன்னது சரிதான் என்கிறார். கல்யாணம் ஆகும் வரை என் பொறுப்பு. நல்லது. எனக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுத்தாய், அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

முதல் தவணை ஃபீஸை நேற்று அபராதத்தோடு சேர்த்துக் கல்லூரிக் கணக்கில் கட்டிவிட்டேன். ஜீவிதாவுக்கும் போன் போட்டேன். சந்தோஷமாகப் பேசினாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து நான் கேட்டு.

ஆடியில் நம் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். இந்த வருடம் என் வீட்டு முறை. அவளை இரண்டு நாள் அனுப்பிவை. பெற்ற பெண் வந்து ஒரு கரண்டி ஊற்றினால் எனக்கு ஊரில் ஒரு கௌரவம். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

ஆனந்தராஜ்


பிள்ளையார்பாளையம்
14 ஜூலை 2025

ஜீவிதா அப்பாவுக்கு,

பணம் வந்துவிட்டதாகக் கல்லூரியில் சொன்னார்கள். நீங்கள் இவ்வளவு சீக்கிரம் வழிக்கு வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நன்றி என்று எழுதக் கை வரவில்லை, கடமையைச் செய்ததற்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை.

கூழுக்கு அனுப்புகிறேன். அவளே ஆசையாகக் கேட்கிறாள், "அப்பா கூப்பிட்டாரும்மா, நான் போயிட்டு வரேன்" என்று. ஞாயிறு சாயங்காலம் தர்மன் ஆட்டோவில் ஏற்றிவிடுங்கள். திங்கள்கிழமை அவளுக்கு லேப் இருக்கிறது.

தையல்நாயகி


பிள்ளையார்பாளையம்
24 ஆகஸ்ட் 2025

ஆனந்தராஜ்,

இனிமேல் உனக்கு நீங்கள் என்ன, வாருங்கள் என்ன. உனக்கு ஒரு மரியாதை கேடா?

இன்றைக்குக் காலையில் கடைக்கு ஒரு கூட்டம் வந்தது. உத்திரமேரூரில் அரிசி மில் வைத்திருக்கிறார்களாம். ஆணும் பெண்ணுமாக வந்து மெத்தையில் உட்கார்ந்தார்கள். ஐப்பசியில் பையனுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவை எடுக்க வேண்டும் என்றார்கள். முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். "தையலு, பெரிய இடம்மா, நல்லதா எடுத்துப் போடு" என்றார். நானும் போட்டேன். அரக்கு போட்டேன், மாம்பழக் கலர் போட்டேன், கத்தரிப்பூக் கலர் போட்டேன். மாமியார்க்காரிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மடியில் மலையாகக் குவிந்துவிட்டது. எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டேன்.

"பொண்ணு நல்ல சிவப்பாம்மா, மாநிறமா? போட்டோ இருந்தா காட்டுங்க. அதுக்கேத்த மாதிரி எடுத்துப் போடறேன்."

அந்தம்மா போனை எடுத்து நீட்டினாள். "மாநிறம்தான், ஆனா முகம் களையா இருக்குது பாரு. மாகறல்ல பொண்ணு எடுக்கறோம். அம்மன் கூழ் ஊத்தறப்போ பார்த்தோம், எங்களுக்குப் புடிச்சுப் போச்சு."

பார்த்தால் என் பெண்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். முதல் வருடம் கல்லூரியில் வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்ட அன்றைக்கு, கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து என் போனில் எடுத்தேன். "அப்பாவுக்கு அனுப்பும்மா, பார்த்தா சந்தோஷப்படுவாரு" என்று அவள்தான் சொன்னாள். நீ அதை ஸ்டுடியோவில் கொடுத்துக் கோட்டை எடுத்துவிட்டுப் பட்டுப்புடவை ஒட்டவைத்திருக்கிறாய். கழுத்தில் தொங்கிய கல்லூரி அடையாள அட்டையை ஆரம் ஆக்கியிருக்கிறாய். அந்தப் புடவையாவது உருப்படியா? பார்டர் ஒரு பக்கம் போகிறது, உடல் ஒரு பக்கம் போகிறது. பதினாறு வருடமாகப் புடவை விற்கிறேன், இப்படி ஒரு கண்றாவியை நான் பார்த்ததில்லை.

விரித்துப் போட்ட அரக்குப் புடவையை எடுத்து மடித்தேன். "இந்தப் பொண்ணுக்கு எங்க கடையில புடவை இல்லைமா" என்றேன். அந்தம்மா திருதிருவென்று முழித்தாள். முதலாளி ஓடிவந்தார். "இன்னா பேசற நீ?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். "என் பொண்ணு சார் அது, எனக்குத் தெரியாம கல்யாணம் பண்றாங்க சார்" என்று நானும் கத்தினேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். என்னையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வேலை இருக்கிறதா என்று தெரியாது.

கூழ் ஊற்றக் கூப்பிட்டாயே, பாவி. குழந்தை கரண்டியோடு நின்றிருக்கிறாள், அவளைச் சுற்றி உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டே விலை பேசியிருக்கிறீர்கள். ஃபீஸ் கட்டினதும் இதற்குத்தானா? நீ உருப்படுவாயா?

தையல்நாயகி


மாகறல்
29 ஆகஸ்ட் 2025

தையல்நாயகிக்கு,

நீ, வா, போ என்று எழுதியிருக்கிறாய். எழுது. அந்த வாய்க்குத்தான் அன்றைக்கே கும்பிடு போட்டு அனுப்பினேன்.

கோபப்பட வேண்டியவன் நான். மில்காரர் போன் போட்டு, "இன்னாபா, பொண்ணோட அம்மா கடையில வெச்சு அசிங்கப்படுத்துது" என்கிறார். என் தலை குனிந்துவிட்டது.

சட்டம் சொன்னது யார்? நீதானே? கல்யாணம் ஆகும் வரை தகப்பன் பொறுப்பு என்று அடிக்கோடு போட்டு எழுதினவள் நீ. அதைத்தான் நான் செய்கிறேன். மகளின் கல்யாணச் செலவும் தகப்பன் தலையில்தான் என்று என் வக்கீல் எடுத்துக் காட்டினார். அதையும் செய்கிறேன். வசதியான இடம், ஒரே பையன், குடிக்க மாட்டான். படிப்பை அங்கே இருந்து முடிக்கலாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதில் என்ன குற்றம் கண்டுபிடித்தாய்?

இன்னொன்றும் வக்கீல் சொன்னார். பிள்ளைகளைக் காப்பாற்றுகிற பொறுப்பு அப்பனுக்கு மட்டும் இல்லையாம், சம்பாதிக்கிற அம்மாவுக்கும் உண்டாம். உன் நஸ்னீன் அதைச் சொல்லாமலா இருந்திருப்பாள்? எனக்கு எழுதும்போது மட்டும் அது உனக்கு மறந்துபோயிற்று.

அவள் நேற்று இங்கே வந்து நின்று கத்தினாள். பத்து வீட்டு ஆள் கூடிவிட்டது. "என் கோட்டு எங்கப்பா?" என்று கேட்டாள். எனக்கும் பொறுக்கவில்லை, அவளிடம் கேட்டுவிட்டேன். உன் அம்மா மட்டும் என்ன ஒழுங்கு? போன வருடம் உன் தாய்மாமன் ஃபீஸ் பணத்தை எதில் வைத்துக் கொடுத்தான் என்று போய்க் கேள் என்றேன்.

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தர்மன் அன்றைக்குச் சவாரி ஏற்றிக்கொண்டு அங்கே வந்திருந்தான். பித்தளைத் தட்டு, வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், ஜாக்கெட் துணி, அதன் மேல் பணம். நீ முந்தானையை ஏந்தி வாங்கினாய். ஃபீஸ் கட்டுகிறவன் கல்லூரிக் கணக்கில் கட்டுவான், இல்லை கவரில் போட்டுக் கொடுப்பான். தட்டில் வைக்கிறவன் எதற்கு வைக்கிறான்? அவன் மகன் சரத்குமார் ஒரகடம் கம்பெனியில் எல்லாரிடமும் ஜீவிதாவை "நான் கட்டிக்கப் போற பொண்ணு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். நான் மில்காரருக்குக் கொடுக்கக் கூடாது, நீ உன் அண்ணனுக்குக் கொடுக்கலாம், அப்படித்தானே?

ஆனந்தராஜ்


பிள்ளையார்பாளையம்
3 செப்டம்பர் 2025

ஜீவிதா அப்பாவுக்கு,

ஜீவிதா வீட்டை விட்டுப் போய்விட்டாள். உங்களுக்கு இப்போது குளிர்ந்திருக்கும்.

மாகறலில் இருந்து நேராக வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"தட்டுல வெச்சது ஃபீஸாம்மா, பரிசமா?"

நான் என்ன சொல்வேன்? "மாமன் முறைக்கு வெச்சாருடி. நம்ம ஜனங்க வெறும் கையில நீட்ட மாட்டாங்க, உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"மாமா கேட்டாரா, இல்லையா? சரத்துக்கு என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்லுவாங்க? கையில பணத்தை வெச்சிக்கினு முகத்துல அடிச்ச மாதிரி முடியாதுன்னா சொல்ல முடியும்? படிப்பு முடியட்டும், பார்க்கலாம்னு சொன்னேன்."

"பார்க்கலாம்னு சொன்னியா?" என்று கேட்டாள். பிறகு பையை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தாள். "அப்பா கல்யாணம் பண்ணிக்கினு படின்றாரு. நீ படிச்சிட்டுப் பண்ணிக்கன்ற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா. ரெண்டு பேருமே ஃபீஸுக்குப் பதிலா என்னை எடுத்து வெக்கறீங்க."

கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். ஏனாத்தூரில் கூடப் படிக்கும் பெண்கள் அறை எடுத்திருக்கிறார்களாம், அங்கே போகிறேன் என்று போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. இன்றோடு ஆறு நாள்.

நான் என் பெண்ணை விற்கவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பணத்தை நிறுத்தியிருக்காவிட்டால் நான் ஏன் அண்ணன் வாசலுக்குப் போகிறேன்? அந்தத் தட்டை ஏந்த வைத்தது யார்? நீங்கள் செய்ய வேண்டியதை நீங்கள் செய்திருந்தால் அண்ணனுக்கு அங்கே என்ன வேலை? நீ என்று எழுதத்தான் கை துடிக்கிறது, அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

தையல்நாயகி


மாகறல்
30 செப்டம்பர் 2025

தையல்நாயகிக்கு,

உனக்கும் சம்மன் வந்திருக்கும். எனக்கு நேற்றுக் கோர்ட்டு ஆள் கொண்டுவந்து கொடுத்தான். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் வைத்துக் கொடுத்தான். நீ எழுதினாயே, டிராக்டரில் போகும் வழியில் கோர்ட்டு ஆள் நிற்பான் என்று? நின்றான். உன் வாய் பலித்துவிட்டது.

பார்த்தாயா எப்படி எழுதியிருக்கிறாள் என்று? மனுதாரர் ஜீவிதா. ஒன்றாம் எதிர்மனுதாரர் நான். இரண்டாம் எதிர்மனுதாரர் நீ. விவாகரத்துத் தீர்ப்பில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இதில் இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் நிறுத்திவிட்டாள். வக்கீல் பெயரைப் பார், நஸ்னீன். நீ கூட்டிவந்த ஆள்தான்.

ஃபீஸ் கேட்கிறாள், அறை வாடகை கேட்கிறாள், பஸ் செலவு கேட்கிறாள். கேட்கட்டும். கடைசிப் பத்தியைப் படித்தாயா? "தனது திருமணச் செலவுக்கான உரிமை எதையும் மனுதாரர் எதிர்மனுதாரர்களிடம் கோரவில்லை, இனியும் கோர மாட்டார்." அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இல்லை. என் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? அதையே வேண்டாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டாளே! மில்காரரும் கைகழுவிவிட்டார். "கோர்ட்டு வாசல் மிதிச்ச பொண்ணு எங்களுக்கு வேணாம்பா" என்றுவிட்டார். நானும் போனில் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன்.

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு காரியம் யோசி. கேஸுக்கு முன்னால் சமரச மையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே வக்கீலாக வைத்துக்கொள்வோம், செலவு பாதிப் பாதி. என் வீட்டுக்கோ உன் வீட்டுக்கோ அவள் திரும்பி வந்தால்தான் பணம், தனியாக இருந்தால் ஒரு பைசா கிடையாது என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னால் வழிக்கு வருவாள். மற்றதில் நீயும் நானும் அடித்துக்கொள்ளலாம். இதிலாவது ஒன்றாக நில்.

ஆனந்தராஜ்


பிள்ளையார்பாளையம்
7 அக்டோபர் 2025

ஜீவிதா அப்பாவுக்கு,

குடும்பம் நடத்திய நாளில் ஒரு பால் பாக்கெட் செலவைக் கூட நீங்கள் பாதியாகப் பிரித்துக்கொண்டதில்லை. இப்போது பெற்ற பெண்ணுக்கு எதிராக வக்கீல் வைக்கப் பாதி தருகிறேன் என்கிறீர்கள். வெட்கமாக இல்லை?

எனக்கும் சம்மன் வந்தது. படித்துவிட்டு நேராகச் சட்ட உதவி மையத்துக்குப் போய் நஸ்னீனிடம் சண்டை போட்டேன். "நான்தானே உங்கிட்ட மொதல்ல வந்தேன், என் பேரையே எழுதியிருக்கியே" என்று கேட்டேன். அந்தப் பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டு என்னை உட்கார வைத்தாள். "நீங்க வந்து கேட்டது உங்க பொண்ணோட உரிமைம்மா. அதை உங்க கையில கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அன்னைக்கே அவங்களை வரச் சொன்னேன், நீங்கதான் குழந்தைன்னீங்க" என்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூர் போனேன். அவளுக்குப் பிடிக்குமே என்று வத்தக்குழம்பும் அப்பளமும் கேரியரில் எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் ஒரு கிளினிக்கில் வேலைக்குப் போகிறாளாம், அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருக்கிறது. உள்ளே வா என்று கூப்பிடவில்லை. என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, திரும்பவும் தட்டோட வந்துட்டியா?"

கேரியர்டி, சோறுடி என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன். அழுது முடித்தபிறகு கோபம் வந்தது. முதலில் அவள் மேல் வந்தது. அப்புறம் உங்கள் மேல், அண்ணன் மேல், கடைசியில் என் மேல்.

மறுநாள் அந்தப் பித்தளைத் தட்டைத் துலக்கி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வெற்றிலையும் இல்லை, பூவும் இல்லை. "பொண்ணைக் கேட்காம நான் பார்க்கலாம்னு சொன்னது தப்பு. அவளுக்கு இஷ்டம் இல்லை. பணத்தை மாசாமாசம் கொடுத்துடறேன்" என்றேன். சரத்குமார் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான். அண்ணி தட்டைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள். அண்ணன் இனிமேல் வாசலை மிதிக்காதே என்றுவிட்டார். பிறந்த வீடு எனக்கு அதோடு சரி.

எனக்கு வக்கீல் வேண்டாம். உங்களோடு சேர்ந்தும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். சமரச மையத்தில் விசாரிக்கும் மேடம் கேட்டால் ஆமாம், என் பொறுப்புதான் என்று சொல்லப் போகிறேன். அறை வாடகையும் பஸ் செலவும் நான் தருவேன். கடையில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், கூட இரண்டு மணி நேரம் நிற்பேன். ஃபீஸ் உங்களுடையது. அவள் எந்த வீட்டுக்கும் வர வேண்டாம், இருக்கிற இடத்தில் இருந்து படிக்கட்டும். நீங்கள் அங்கே வந்து பணத்துக்கு ஒரு நிபந்தனை போட்டுப் பாருங்கள். கூழ் ஊற்றினதில் இருந்து கடையில் நடந்தது வரை எல்லாவற்றையும் அந்த மேடம் முன்னால் கொட்டிவிடுவேன். கோட்டு போன கதையையும் சேர்த்து.

தையல்நாயகி


மாகறல்
18 அக்டோபர் 2025

தையல்நாயகிக்கு,

சமரச மையத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. உனக்குத் திருப்திதானே?

ஒரே பெஞ்சில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம், நீ என் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டாம். அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேடம் "யாரோட வந்தீங்கமா?" என்று கேட்டபோது "தனியாத்தான் மேடம்" என்றாள். அப்பனும் ஆத்தாளும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது தனியாகத்தான் என்கிறாள். எனக்கு எழுந்து அறையலாம் போல வந்தது. நீ இருந்ததால் சும்மா இருந்தேன்.

ஃபீஸ் கட்டுவேன். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், நான் பேச்சு மாறுகிறவன் இல்லை. படிப்பு முடிகிற வரைக்கும் நானே நேராகக் கல்லூரியில் கட்டுவேன், யாரும் வந்து கேட்க வேண்டாம். ஆனால் கடைசியில் ஒன்று செய்தாளே, அதுதான் என்னை உறங்க விடவில்லை. நீ அப்போது வெளியே போய்விட்டாய், அதனால் உனக்குத் தெரியாது.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மேடம் கேட்டார். "அவர் போன்ல என்னோட போட்டோ ஒண்ணு இருக்குது மேடம், புடவை ஒட்டினது. அதை அழிக்கச் சொல்லுங்க" என்றாள். அவராம். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்படி அழிப்பது என்று தெரியவில்லை, தடவிக்கொண்டே இருந்தேன். அவளே கையை நீட்டிப் போனை வாங்கி அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். விரல் என் மேல் படாமல் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் என் போனில் அவள் படம் ஒன்று கூட இல்லை. இருந்தது அது ஒன்றுதான். கோட்டுப் படத்தைக் கேட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். புடவை ஒட்டியதும் உங்கள் போனில் இருந்த பழையதையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன் என்கிறான். அவனைக் கண்டபடி திட்டினேன். "நீங்கதானே கோட்டு வேணாம்னீங்க" என்று திருப்பிக் கேட்கிறான், திமிர் பிடித்தவன்.

அந்தக் கோட்டுப் படம் உன்னிடம் இருக்கும். நீதானே எடுத்தாய். ஒரு பிரிண்ட் போட்டுத் தர்மன் கையில் கொடுத்தனுப்பு. காசு எவ்வளவோ தந்துவிடுகிறேன். பெற்றவன் கேட்கிறேன், இதற்கும் வக்கீல் வைக்கச் சொல்லாதே.

ஆனந்தராஜ்


பிள்ளையார்பாளையம்
22 அக்டோபர் 2025

ஜீவிதா அப்பாவுக்கு,

படம் என்னிடம் இருக்கிறது. தர முடியாது.

கோபத்தில் சொல்லவில்லை. கோபமும் இருக்கிறது, அது வேறு. தீபாவளிக்கு அவள் இங்கேயும் வரவில்லை. பிரிண்ட் போடலாமா என்று நினைத்துக் கடை வரை போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு தரம் அவளைக் கேட்காமல் நான் பார்க்கலாம் என்றேன். ஒரு தரம் அவளைக் கேட்காமல் நீங்கள் படத்தைக் கொடுத்தீர்கள். மூன்றாவது தரம் வேண்டாம்.

அவளுக்கு வயது பத்தொன்பது. சனிக்கிழமை மத்தியானம் அறையில்தான் இருப்பாள். நீங்களே போய் அவளிடம் கேளுங்கள். பழம், பூ, ஸ்வீட் பாக்ஸ் என்று எதையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வெறும் கையோடு போய்க் கேளுங்கள்.

தையல்நாயகி